பெரியம்மாவின் காலண்டரும் எங்கள் ஆப்பும்

"ஆப்பு மூடிக்கிச்சு தம்பி."

பெரியம்மா போனில் இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஆப் என்பதை ஆப்பு என்று சொன்னதற்காகச் சிரித்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு அலுவலக வராந்தாவில் தலை குனிந்து நின்றபோதுதான் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. ஆப்புதான் அது. நாங்களே செதுக்கி, நாங்களே எங்கள் ஆட்களுக்கு அடித்தது.

கணினிப் படிப்பு படித்துவிட்டு, நம் மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் இன்று ஏஐ உதவியாளரிடம் கேட்டுக் கேட்டுத்தான் கோடு எழுதுகிறீர்கள். நானும் அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

முதலில், நாங்கள் ஏன் ஆப் செய்யப் போனோம் என்பது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனம். ஊர்த்தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். எங்கள் தெருவில் நிலம் வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் நடவு, களை, அறுப்பு; அது இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலை. நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்த பிறகு வயல் வேலை சுருங்கிவிட்டது. அதனால் நூறு நாள் வேலையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் வீட்டில் தெரியும். 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். செய்த வேலையை அளந்து, அளவு குறைந்தால் அதுவும் குறையும்.

அந்த வேலைக்கு வருகைப் பதிவு இப்போது போனில்தான் நடக்கிறது. ஒன்றிய அரசு என்.எம்.எம்.எஸ். என்ற ஆப்பை 2021 மே மாதம் கொண்டுவந்தது. 2022 மே மாதம் முதல் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் தவிர, எல்லா இடங்களிலும் கட்டாயம். இடத்தின் அடையாளத்தோடு ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லை, சர்வர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்ற எந்தக் காரணத்துக்கும் மண் வெட்டியவர் பொறுப்பல்ல. ஆனால் படம் ஏறவில்லை என்றால் ஆப்சென்ட் ஆகிற ஆபத்து அவருக்குத்தான். வேலையை முடித்துவிட்டும் இரண்டாவது படத்துக்காகப் பெண்கள் வெயிலில் காத்திருக்கிற கதையை நாடு முழுவதிலுமிருந்து தொழிலாளர் அமைப்புகள் சொல்லிவந்தன. மறுபக்கம், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. திருட்டைத் தடுக்க வந்த ஆப்பில் திருடுகிறவன் திருடினான். வெயிலில் நின்றவள் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

இதில் எங்களுக்கு உறைத்தது ஒன்றுதான். பதிவு முழுக்க அவர்கள் கையில். நம்மிடம் எதிர்க்கணக்கு இல்லை. "நான் பதினாலு நாள் வந்தேன்" என்று பெரியம்மா சொன்னால், "பதிவுல பதினொன்னுதானே இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தஞ்சாவூர்ச் சீமைக்கு இது புதிதா? பண்ணையில் கணக்கு எழுதியவர் கணக்குப்பிள்ளை, கூலி வாங்கியவர் எங்கள் தாத்தா. "பண்ணைக்கு அளக்குற மரக்கால் வேற, நமக்கு அளக்குற மரக்கால் வேற" என்று அப்பாயி சொல்லும். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை எரித்ததும், அதற்கு அடுத்த ஆண்டே கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் கூலியையும் அந்தக் கணக்கையும் சுற்றித்தான். கணக்கை யார் எழுதுவது என்பது இந்த மண்ணில் உயிர்ப் பிரச்சினை. அது எங்கள் கைக்கும் வரட்டும் என்றுதான் நான்கு பேர் சேர்ந்து ஆப்பை ஆரம்பித்தோம். எல்லோரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஒருவர்கூட ஆண்ட்ராய்டு முறையாகப் படித்ததில்லை.

ஆப் ரொம்பச் சின்னது. பெயர், வேலை அட்டை எண், தெரு. வேலைக்குப் போன நாளில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு பட்டியல் வரும். அதை வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, குறைந்தால் மனுவோடு இணைக்கலாம். சர்வர் எதுவும் கிடையாது, எல்லாம் அந்தந்த போனிலேயே இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்து அப்படிச் செய்தோம், உண்மையைச் சொன்னால் சர்வருக்குக் காசும் இல்லை. பாதிக் கோடுக்கு மேல் ஏஐ எழுதியது. நாங்கள் வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, கேட்டதை வாங்கி ஒட்டினோம்.

ஏப்ரலில் முதல் க்ராஷ். சிலருடைய போனில் பெயரைப் பதிந்ததுமே ஆப் மூடிக்கொண்டது, சிலருக்கு ஒழுங்காக ஓடியது. பழைய போன்தான் காரணம் என்று நாங்களே முடிவு கட்டினோம். அது தவறு. ஒரு போனை லேப்டாப்பில் இணைத்து லாக் எடுத்தோம். (தெரியாதவர்களுக்கு: செட்டிங்ஸில் பில்ட் நம்பர் என்ற இடத்தை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் லாக்கேட்டைத் திறந்துவைத்து, ஆப்பை மறுபடி விழ வையுங்கள். சிவப்பாகக் கொட்டும் வரிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 'காஸ்ட் பை' என்று தொடங்கும் இடத்தையும், அதற்குக் கீழே நம் ஆப்பின் பெயர் வருகிற முதல் வரியையும் மட்டும் தேடுங்கள். முக்கால்வாசி நேரம் நோய் அங்கேதான் இருக்கும்.) அந்த வரியை ஏஐயிடம் கொடுத்தோம். ஒரே நொடியில் சொல்லிவிட்டது. பெயரை இடைவெளியில் இரண்டாக வெட்டி, இரண்டாவது துண்டை எடுக்கிறீர்கள். சில பெயர்களில் இரண்டாவது துண்டே இல்லை. இல்லாததை எடுக்கப் போய் ஆப் விழுகிறது.

முதல் பெயர், கடைசிப் பெயர். செல்லம்மாள் என்பவருக்குக் கடைசிப் பெயர் எங்கே போகும்? தேடிப் பார்த்தால், அந்த வரியை எழுதித் தந்ததும் இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே ஏஐதான். பதிவுப் பக்கம் ஒன்று எழுதிக் கொடு என்று கேட்டிருக்கிறோம். உலகத்தில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்து அது எழுதிவிட்டது. நாங்களும் ஒட்டிவிட்டோம். அதை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்ட மாநிலத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் யாருக்கும் பட்டம் கிடையாது. எந்தக் காலத்திலும் கொடுக்கப்பட்டதும் இல்லை. மேடையில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவோம். ஆனால் எங்கள் ஆப் எங்கள் அம்மாக்களிடம் கடைசிப் பெயர் கேட்டதை நான்கு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஏஐ திருத்தமும் கொடுத்தது. இரண்டாவது துண்டு இல்லையென்றால் அந்த இடத்தில் 'என்.ஏ.' என்று போட்டுக்கொள் என்றது. போட்டோம். க்ராஷ் நின்றது. அடுத்த வாரம் அச்சடித்த பட்டியலில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் பெயருக்குப் பின்னால் என்.ஏ. இருந்தது. பெரியம்மா பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாருடா இந்த என்.ஏ.? ஒங்க பெரியப்பா பேரு அது இல்லியே" என்றார். அன்றிரவே இரண்டு பெட்டியையும் தூக்கிவிட்டு ஒரே பெட்டி வைத்தோம். பெயர். அவ்வளவுதான். கணவர் பெயரோ அப்பா பெயரோ போட விரும்புகிறவர்கள் அதிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

இது வரைக்கும் நடந்தது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியது.

ஜூன் மாதம், மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் வாய்க்கால் வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது வாரத்தில்தான் பெரியம்மாவின் அந்த போன். மாதப் பட்டியலைத் திறந்தால் ஆப் மூடிக்கொள்கிறது. "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்றார். எங்கள் நான்கு போனிலும் திறந்து பார்த்தோம், ஒன்றுமில்லை. அந்த வாரம் நாங்கள் ஒரு புதிய பதிப்பு அனுப்பியிருந்தோம். ஆகவே அதில்தான் கோளாறு என்று முடிவு செய்து ஏஐயிடம் உட்கார்ந்தோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நாங்கள் கேட்ட கேள்வி, "புதிய பதிப்புக்குப் பிறகு பட்டியல் பக்கம் க்ராஷ் ஆகிறது, ஏன்?" என்பது. கேள்விக்குள்ளேயே எங்கள் சந்தேகத்தை வைத்துவிட்டோம். ஏஐயும் அந்தச் சந்தேகத்தையே பிடித்துக்கொண்டு வந்தது. டேட்டாபேஸ் பதிப்பு மாறியிருக்கும் என்றது, மாற்றினோம். பழைய ஆண்ட்ராய்டில் இந்த வசதி இல்லை என்றது, மாற்றினோம். மெமரி போதவில்லை என்றது, படங்களைச் சுருக்கினோம். ஒவ்வொரு பதிலும் அழகாக, தெளிவாக, சந்தேகமே இல்லாத குரலில் இருந்தது. தெரியாது என்று அது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஊரில் சில பெரிய மனிதர்கள் அப்படிப் பேசுவார்கள். அவர்களிடம் ஏமாறாத நாங்கள் இதனிடம் ஏமாந்தோம், ஏனென்றால் இது நம்மை வா போ என்று பேசுவதில்லை. எந்த நேரத்தில் கேட்டாலும் முகம் சுளிக்காது. இதைக்கூடத் தெரியாதா என்று கேட்காது. கல்லூரி லேபில் சந்தேகம் கேட்டு அவமானப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். அந்த மரியாதையில் நாங்கள் மயங்கிவிட்டோம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போய் லாக் எடுத்தோம். நல் பாயின்ட்டர் எக்செப்ஷன். தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, காலியானதைக் கொண்டு கணக்குப் போடப் போய் விழுகிறது. ஏஐயிடம் கொடுத்தோம். தேதி காலியாக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தது. ஒட்டினோம். க்ராஷ் நின்றது. பட்டியல் வந்தது. பெரியம்மா வைத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, வெற்றி என்று கிளம்பினோம்.

தேதி ஏன் காலியாக இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அதுவாகவும் சொல்லவில்லை.

ஜூலையில் கூலி ஏறியது. பெரியம்மாவுக்குப் பதினொரு நாள். அவர் போனதோ பதினாலு. மூன்று நாள், முழுக் கூலி என்றால் 1,008 ரூபாய். எங்கள் தெருவில் இன்னும் சிலருக்கும் இப்படி. ஆப்பில் பட்டியல்களை எடுத்து, அச்சடித்து, மனுவோடு கொண்டுபோனோம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கிருந்தவர் எங்கள் தாளை வாங்கி, தன் திரையையும் பார்த்து, பொறுமையாகத்தான் ஒப்பிட்டார். பிறகு பெரியம்மாவின் தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

"தம்பி, ஒங்க கணக்குல ஒம்போது நாள்தானே இருக்கு. அப்ப நாங்கதான் ரெண்டு நாள் கூடக் கொடுத்திருக்கோம் போலிருக்கே?"

அவர் அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எலே, நான் பதினாலு தடவ அமுக்குனேன்டா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அலுவலரிடம் இல்லை, என்னிடம். மற்றவர்களின் தாளையும் அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்? மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பேருந்தில் யாரும் பேசவில்லை. அம்மாப்பேட்டை தாண்டும்போது பெரியம்மாதான் ஆரம்பித்தார். வீட்டில் உரக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் இருக்கிறதாம், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பேத்தியின் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாராம். "ஒன் ஆப்பு வந்ததுலேருந்து ஏன் போடணும்னு நெனச்சேன். ஆனா கை பழகிப்போச்சு, போட்டுட்டேன்."

போய்ப் பார்த்தோம். ஜூனில் பதினாலு சிவப்புக் கோடுகள். ஆப்பில் இருந்த ஒன்பது நாளும் மாதத்தின் முதல் பாதி. காணாமல்போன ஐந்து நாளும் இரண்டாம் பாதி. நடுவில் என்ன நடந்தது? பேத்தி யோசித்துச் சொன்னாள். "மாமா, அப்பதான் நான் காலேஜ் தொறந்து ஹாஸ்டலுக்குப் போனேன். அதுவரைக்கும் நான்தான் அமுக்குவேன். நான் போனப்புறம் ஆத்தாவே அமுக்கணும்னு பக்கத்து வீட்டுத் தம்பிகிட்டச் சொல்லி போனைத் தமிழுக்கு மாத்திக்கிச்சு."

போனைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டார்.

எங்கள் நான்கு போனும் ஆங்கிலம். ஒரு தடவைகூட நாங்கள் ஆப்பைத் தமிழ் போனில் ஓட்டிப் பார்த்ததில்லை. தமிழில் ஆப் செய்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த நாங்கள்.

நடந்தது இதுதான். தேதியை எழுதி வைக்கும் கோடை ஒரு நாள் ஏஐயிடம் வாங்கினோம். அது போன் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் மாதத்தின் பெயரை எழுதும். தேதியைத் திரும்பப் படிக்கும் கோடை வேறொரு நாள் வாங்கினோம். அது ஆங்கிலத்தில் மட்டும்தான் படிக்கும். போன் ஆங்கிலத்தில் இருந்தவரை இரண்டும் ஒத்துப்போயின. பெரியம்மா தமிழுக்கு மாறியதும் 'ஜூன்' என்று தமிழில் பதிவானது. படிக்கும் கோடு அது என்னவென்று தெரியாமல் தடுமாறியது. தடுமாறினால் சத்தம் போடாமல் காலியாக விடு என்று அதற்குள்ளேயே முன்பு ஒரு வரி வைத்திருந்தோம், அதுவும் வாங்கி ஒட்டியதுதான். காலியானதைத் தொட்டபோது ஆப் விழுந்தது. பிறகு நாங்கள் ஒட்டிய புதிய வரி, காலியான நாட்களை எல்லாம் தாண்டிப் போனது.

ஆக, பேத்தி அமுக்கிய நாட்கள் கணக்கில் நின்றன. பெரியம்மா தன் கையால், தன் மொழியில் அமுக்கிய ஐந்து நாளும் கழிந்துபோயின. க்ராஷ் ஆகிக்கொண்டிருந்தவரை ஆப் 'எனக்கு ஒன்று புரியவில்லை' என்று கத்திக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டி, நாட்களைத் தின்ன வைத்தது நாங்கள். அரசாங்க ஆப் செய்கிறது என்று எதைச் சொல்லி எதிர்த்தோமோ, அதை எங்கள் ஆப் எங்கள் பெரியம்மாவுக்குச் செய்தது.

நல்ல வேளை, போனுக்குள் பதிவுகள் அழியவில்லை. தேதியை எந்த மொழியும் சாராத எண் வடிவத்தில் எழுதவும் படிக்கவும் மாற்றினோம், பழைய தமிழ்த் தேதிகளையும் படிக்க வைத்தோம். பதினாலும் வந்தது. இதையும் ஏஐதான் எழுதிக் கொடுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த முறை கேள்வி வேறு. "போன் தமிழில் இருக்கும்போது பதிந்த நாட்கள் மட்டும் பட்டியலில் வரவில்லை, எழுதும் கோடும் படிக்கும் கோடும் இதோ" என்று கேட்டோம். ஒரு நிமிடத்தில் நோயைச் சொல்லி, எங்கள் கோடில் இதே தவறு இருக்கக்கூடிய இன்னும் இரண்டு இடங்களையும் காட்டியது. மூன்று வாரமாகக் குருடாக இருந்தது நாங்களா, அதுவா என்று கேட்டால், பெரியம்மாவிடம் கேட்காமல் அதனிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் ஒரு ராத்திரி, பொறுமை இழந்து, போனிலிருந்து எடுத்த லாக் முழுவதையும் வெட்டாமல் ஏஐயிடம் ஒட்டினேன். சோதனைக்காக லாக்கில் எல்லாவற்றையும் அச்சடிக்க வைத்திருந்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர், வேலை அட்டை எண், தெரு. பேத்தி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இந்த லிஸ்ட்டு இப்ப எங்க போயிருக்கு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போயிருக்கிறது. அங்கே எத்தனை நாள் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று அனுப்பும் முன் நான் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வேலை அட்டை விவரங்கள் அரசாங்க இணையதளத்திலேயே இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் 'யார் யார் கூலிக் கணக்கில் குறை இருக்கிறது என்று தனியாகக் கணக்கு வைக்கிறார்கள்' என்ற பட்டியல் எங்கும் இல்லை. அது எங்களிடம் மட்டும்தான் இருந்தது. டெல்டாவில் அந்தப் பட்டியலுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் தெரு என்ற பெட்டி வேறு. நம் ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைக் கேட்கவே வேண்டாம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் ஆப்பில் அந்தச் சொல் ஒரு பெட்டியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஒரு பெட்டிதானே என்று நினைக்காதீர்கள். இதே நூறு நாள் வேலையில், பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்று பிரித்துக் கூலி போடும்படி 2021 மார்ச்சில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. ஒரே குளத்தில் ஒன்றாக மண் சுமந்தவர்களுக்குக் கூலி வெவ்வேறு நாளில் வந்தது. எதிர்ப்பு வந்து சில மாதங்களில் அதைக் கைவிட்டார்கள். கணினியில் ஒரு பெட்டி கூடினால் போதும், தெருவில் ஒரு வாய்க்கால் வெட்டியதுபோல் ஆகிவிடும்.

தெருப் பெட்டியை எடுத்துவிட்டோம். லாக்கில் பெயரும் எண்ணும் வராமல் செய்துவிட்டோம். ஏஐயிடம் இப்போது எடுத்துப்போவது பிழை வரியும் அதைச் சுற்றியுள்ள கோடும் மட்டும். உதாரணத்துக்குப் பெயர் தேவைப்பட்டால் எங்கள் பெயரையே போடுகிறோம். அன்று ஒட்டிய உரையாடலை அழித்தேன். அழிந்ததா என்று தெரியாது. அந்த முப்பது பேரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். சிலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. "பரவால்ல தம்பி" என்றார்கள். புரிந்துகொண்ட ஒரு அத்தை மட்டும் ஆப்பை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் இந்தக் கருவியே நமக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்திரத்தைக் குறை சொல்லி ராட்டையையும் கிராமத்தையும் போற்றிய காந்தியத்துக்கு 1945இல் பாபாசாகேப் எழுதிய மறுப்பைத் தேடிப் படியுங்கள். ஓய்வே இல்லாமல் உடலை வருத்தி உழைக்கிறவனுக்கு எந்திரம் தேவை, கோளாறு எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலருக்கே கொடுக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர்கூட இல்லாத ஊரில் நான்கு கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரியில் உட்கார்ந்து ஒரு ஆப்பைச் செய்து ஓட்டினோம் என்றால் அது இந்தக் கருவியால்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் இது எங்களால் ஆகியிருக்காது.

ஆனால் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டோம். அது ஒரு திருத்தம் கொடுத்தால், இதனால் எந்த வரியாவது, எந்த நாளாவது சத்தமில்லாமல் காணாமல் போகுமா என்று அதனிடமே திருப்பிக் கேட்கிறோம். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒழுங்காகச் சொல்கிறது, கேட்காவிட்டால் சொல்வதில்லை. படிக்க முடியாத தேதி வந்தால் ஆப் இப்போது தாண்டிப் போகாது, 'இந்த நாள் எனக்குப் புரியவில்லை' என்று சிவப்பில் காட்டும். எங்கள் நால்வரின் போனும் தமிழுக்கு மாறிவிட்டன. முதல் இரண்டு நாள் செட்டிங்ஸில் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினோம். புதிய பதிப்பு எது வந்தாலும் முதலில் பெரியம்மா வீட்டுக்குத்தான் போகிறது. காலண்டரோடு ஒப்பிட்டு அவர் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு.

திருத்திய பட்டியலோடு மறுபடி மனு கொடுத்தோம். காலண்டர் தாளையும் நகல் எடுத்து இணைத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்கியாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கிராம சபையில் எழுப்பப் போகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜூன், ஜூலை இரண்டையும் காலண்டரோடு சரிபார்த்து முடித்தோம். எல்லாம் ஒத்துப்போனது. நான் லேப்டாப்பை மூடப்போனேன். "மே மாசத்தையும் பாரு" என்றார் பெரியம்மா. பார்த்தோம். மே மாதத்தில் ஆப்பில் ஒரு நாள் கூடுதலாக இருந்தது. காலண்டரில் அந்த நாளில் கோடு இல்லை. பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். அன்று பாபநாசத்தில் ஒரு சாவு, அங்கே போயிருந்தார். பேத்தி வழக்கம்போல் காலையில் அமுக்கிவிட்டாள்.

"அத எடுத்துடு. போவாத நாளுக்கு நமக்கு எதுக்குக் கூலி?"

எடுக்கப் பார்த்தேன். பதிந்த நாளை அழிக்க எங்கள் ஆப்பில் வசதியே இல்லை. யாரும் பின்னால் வந்து கணக்கை மாற்றக் கூடாது என்று நாங்கள் வைக்காமல் விட்டது. அழிக்கவும் வேண்டும், அழித்தது தெரியவும் வேண்டும். இன்று ராத்திரி அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.